வடியாத நீர்

இரும்பு உடையும்போது ஓசை எழும். துருப்பிடிக்கும்போது ஓசை எழுவதில்லை. உடைவது ஒரு நொடியில் நிகழ்கிறது. எல்லாரும் ஓடி வந்து பார்க்கின்றனர். துருப்பிடிப்பதோ ஆண்டுக்கணக்கில், இரவும் பகலும், ஒருவர் கண்ணிலும் படாமல் நிகழ்ந்துகொண்டிருக்கிறது. கண்ணில் பட்ட துருவைச் சுரண்டி எடுத்துவிடலாம். கண்ணில் படாத துருதான் வண்டியையும் தின்று, வண்டியை நம்பி அமர்ந்தவரையும் ஒரு நாள் கைவிட்டுவிடுகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இந்த உண்மையைத் தமது எழுபத்தெட்டாம் வயதில், ஒரு சனிக்கிழமைக் காலையில், ஒரு ஜாக்கியின் வாயிலாக அறிந்துகொண்டார்.

அவரிடம் 1964ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மோரிஸ் மைனர் கார் ஒன்று உண்டு. சனிக்கிழமைதோறும் தம் பேத்தியை அதில் ஏற்றிக்கொண்டு தமிழ் வகுப்புக்கு அழைத்துச் செல்வது அவர் வழக்கம். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், பின்சக்கரம் காற்றிழந்து கிடந்தது. கதவுக்குக் கீழே உள்ள குழாயில் ஜாக்கியைச் செருகி அவர் கைப்பிடியைச் சுழற்றினார். ஜாக்கி உயர்ந்தது; கார் உயரவில்லை. மேலும் சுழற்றினார். உள்ளே ஏதோ நொறுங்குவது போன்ற மெல்லிய ஒலி கேட்டது. கதவைத் திறந்து பார்த்தபோது, இருக்கையின் கீழிருந்த கம்பளம் கறையான் புற்றைப் போல் மேலெழும்பி நின்றது. கம்பளத்தைத் தூக்கினார். பழுப்பு நிறச் செதில்களுக்கு நடுவே கீழே கிடந்த தார்ச்சாலை தெரிந்தது.

காருக்கு வெளியே யாதொரு குறையும் இல்லை. சாம்பல் நிற வண்ணம் பளபளத்தது. குரோமியம் பூசிய முன்தடையில் எதிர்வீட்டுச் சன்னல் தெளிவாகத் தெரிந்தது. வாரந்தோறும் அதைத் துடைத்து மினுக்கியவர் அவரே. தம் கையால் துடைத்த பளபளப்பே தம் கண்ணை மறைத்ததோ என்ற ஐயம் அவர் உள்ளத்தில் அப்போதுதான் எழுந்தது.

அந்தக் காரை அவர் வாங்கிய கதையும் வெள்ளத்தோடு தொடர்புடையதே. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுமிடத்தில் பிறந்த நகரம் கோலாலம்பூர். சேறு நிறைந்த கூடல் என்பதே அப்பெயரின் பொருள். அந்நகருக்கு வெள்ளம் புதிதன்று. 1881இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரத்தாலும் அத்தாப்பாலும் ஆன பழைய ஊரை அழித்தன. அதன் பின்னரே செங்கல்லால் கட்ட வேண்டும் என்ற விதி வந்தது. செங்கல் சூளைகள் எழுந்த களிமண் நிலமே பிரிக்ஃபீல்ட்ஸ் என்னும் பெயர் பெற்றது. அதன் பின்னரும் 1926இல் பெருவெள்ளம் வந்தது. 1971 ஜனவரியில் வந்த வெள்ளம் நகரையே நிலைகுலையச் செய்தது.

அந்த வெள்ளம் வடிந்த சில திங்களில், இளம் ஆசிரியராக இருந்த அவர் பழைய கார் ஒன்றை வாங்க முனைந்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்றுவிடுவார்களோ என்ற அச்சம் அப்போது ஊரெங்கும் நிலவியது. ஆகவே அவர் தம் அண்டை வீட்டுப் பெரியவரைத் துணைக்கு அழைத்துச் சென்றார். பெரியவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர். செந்தூல் இரயில்வே பட்டறையில் ஆயுள் முழுவதும் உழைத்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலுக்குச் செல்பவர்.

விற்பவர் பானெட்டைத் திறந்து இயந்திரத்தைக் காட்டினார். பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை. நேரே பின்கதவைத் திறந்து, கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி மூக்கருகே கொண்டு சென்றார்.

"தம்பி, மேலுக்குப் பார்த்து மயங்காதேயும். மேலை இருக்கிறதை அவன் கழுவிப்போட்டான். கீழை இருக்கிற சேற்று மணத்தை அவனாலை கழுவ ஏலாது. முகர்ந்து பாரும். பிறகு தட்டிப் பாரும்," என்றார்.

மண்பானை வாங்கும் பெண்கள் விரலால் சுண்டிப் பார்ப்பது போல், அவர் சிறு சுத்தியலின் மரக்காம்பால் காரின் அடிப்பகுதியை இடம் இடமாகத் தட்டினார். நல்ல தகடு கணீரென்று ஒலித்தது. முதலில் பார்த்த இரண்டு கார்களில் அந்த ஒலி இல்லை. 'பொத்' என்ற மந்தமான ஒலிதான் வந்தது. மூன்றாவது கார் எங்கும் ஒரே சீராக ஒலித்தது. அதையே ஆசிரியர் வாங்கினார்.

திரும்பும் வழியில் பெரியவர் சொன்ன சொல் ஒன்று ஆசிரியருக்கு ஐம்பது ஆண்டுகளாக நினைவில் நின்றது. தமிழகத்தார் துரு என்பதை அவர் கறள் என்பார். செம்பின்மேல் படிவதைக் களிம்பு என்பார். "செம்பிலே களிம்பு உடன்பிறந்தது எண்டு சித்தாந்தம் சொல்லும். ஆணவமும் அப்படித்தான், அதைப் போக்கிறதுக்கு ஆண்டவன் வேணும். ஆனால் இரும்பிலே கறள் வெளியிலையிருந்து வாறது. அதைத் தடுக்கிறதுக்கு மனுசன் போதும்," என்றார். சொல்லை ஆசிரியர் மறக்கவில்லை. செயலைத்தான் மறந்துவிட்டார்.

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது வண்டி வெளிவந்தது. பிரிட்டனில் ஒரே வகைக் கார் அந்த எண்ணிக்கையை எட்டியது அதுவே முதன்முறை. அக்காலத்து மலாயாவில் ஆசிரியர்களும் எழுத்தர்களும் மருத்துவ உதவியாளர்களும் விரும்பி ஓட்டிய கார்களுள் அதுவும் ஒன்று.

அதன் அமைப்பில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. பழங்கால மோட்டார் வண்டிகளுக்கு அடியில் தனியாக ஒரு கனத்த இரும்புச் சட்டம் இருக்கும். உடற்கூடு அதன்மேல் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். மைனருக்கு அத்தகைய தனிச் சட்டம் இல்லை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளை மடித்து, பெட்டிகளாக்கி, ஒன்றோடொன்று பற்றவைத்து, உடலையே எலும்பாகவும் ஆக்கியிருக்கின்றனர். கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் உள்ளீடற்ற பெட்டிச் சட்டங்கள், தரையின் குறுக்கே செல்லும் சட்டம், பின்பக்கப் பட்டைவில்லின் முனையைத் தாங்கும் இடம் ஆகியவையே வண்டியின் முதுகெலும்பு. அவை யாவும் உள்ளே வெற்றிடம் கொண்டவை. வெற்றிடத்தின் உட்சுவரை ஓட்டுநர் ஒருநாளும் காண்பதில்லை.

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்பதை மாணவர் அறிவியல் நூலில் படித்திருப்பர். நிலத்தில் இரும்பு பெரும்பாலும் உயிர்வளியோடு கலந்த கனிமமாகவே கிடைக்கிறது. மனிதன் உலையில் இட்டு, பெரும் வெப்பத்தால் உயிர்வளியைப் பிரித்து, இரும்பைத் தனியாக்குகிறான். நீரும் காற்றும் கிடைத்தால் அந்த இரும்பு மீண்டும் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயல்கிறது. அந்தத் திரும்புதலே துரு. செம்பின் களிம்பு ஓரளவு படிந்ததும் அடியிலுள்ள உலோகத்திற்குப் போர்வையாகிவிடும். இரும்பின் துருவோ நுண்துளைகள் நிறைந்தது. பன்மடங்கு பருத்து, செதிலாக உதிர்ந்து, புதிய இரும்பை மீண்டும் நீருக்குக் காட்டிக்கொடுக்கும். இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் அது பருக்கும்போது தகடுகளையே பிளந்துவிடும்.

மறைவான இடத்தில் துரு மிகுவதற்கும் காரணம் உண்டு. தகட்டின்மேல் ஈரமான சேற்றுக்கட்டி ஒன்று ஒட்டியிருப்பதாகக் கொள்வோம். அதன் ஓரங்களில் காற்று மிகுதி. நடுவில் காற்று குறைவு. இந்த வேறுபாடே தகட்டில் சிறியதொரு மின்கலத்தை உண்டாக்குகிறது. அக்கலத்தில் கரைந்து அழிவது காற்றுப் படாத நடுப்பகுதி இரும்பே. காற்றோட்டமுள்ள இடம் தப்பிக்கிறது. மூடுண்ட இடம் அழிகிறது.

குளிர்நாடுகளில் பனியைக் கரைக்கச் சாலைகளில் உப்பு தூவுவர். அவ்வுப்பே அங்குக் கார்களுக்குப் பெரும்பகை. கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தகைய உப்பு இல்லை. ஆயினும் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. ஈரப்பதம் 60 விழுக்காட்டைக் கடந்தாலே இரும்பு அரிக்கப்படும் வேகம் கூடிவிடும். கிள்ளான் துறைமுகத்தை அடுத்த பகுதிகளிலோ கடற்காற்று உப்பையும் சுமந்து வருகிறது. தில்லியின் மெக்ரௌலியில் உள்ள இரும்புத்தூண் ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக நிற்பதைச் சிலர் சான்று காட்டுவர். அதன் இரும்பில் எரியம் என்னும் பாஸ்பரஸ் மிகுதி. அது வெட்டவெளியில் காற்றுப்பட நிற்கிறது. மெல்லிய காப்புப்படலமும் அதன்மேல் உருவாகியுள்ளது. அந்தத் தூணுக்கு மறைவிடம் இல்லை. காரின் உடலோ முழுவதும் மறைவிடம்.

ஆசிரியரின் காருக்கு வந்த கேடு 2021 டிசம்பரில் தொடங்கியது. அத்திங்கள் 17ஆம் நாள் தொடங்கிய பெருமழை ஓயாமல் கொட்டியது. அவர் அப்போது ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் உள்ள மகள் வீட்டிற்குச் சென்றிருந்தார். 18ஆம் நாள் நீர் வாசலைத் தாண்டியது. பின்னர் வீட்டின் கீழ்த்தளத்தை நிறைத்தது. குடும்பத்தார் மேல்மாடியில் ஒடுங்கி உயிர் தப்பினர். நாடு முழுவதும் அவ்வெள்ளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்றும், வாகனங்களின் இழப்பு மட்டும் 100 கோடி ரிங்கிட் என்றும் புள்ளிவிவரத் துறை பின்னர் கணக்கிட்டது. வழக்கமான முழுக் காப்புறுதியிலும் வெள்ளச்சேதம் அடங்காது, அதற்கெனத் தனிக்கட்டணம் செலுத்தியிருக்க வேண்டும் என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தனர்.

நீர் வடிந்த பின் ஆசிரியர் காரைப் பார்த்தார். இருக்கையின் உயரம்வரை சேற்றின் தடம் இருந்தது. அவர் உடனே இயந்திரத்தை இயக்காமல் விட்டது நல்ல செயல். மின்கலத்தைக் கழற்றியதும் நல்ல செயல். இயந்திரம் பழுது பார்க்கப்பட்டது, எண்ணெய்கள் மாற்றப்பட்டன, இருக்கைகள் வெயிலில் காய்ந்தன. வெளியில் இருந்த சேறு முழுவதும் கழுவப்பட்டது. பின்னர் ஒரு பட்டறையில் அடிப்பகுதி முழுவதற்கும் கனமான தார்ப்பூச்சு ஒன்று பூசித் தந்தனர். "இனி நூறாண்டுக்குத் துரு வராது" என்று அங்குக் கூறினர். புதிய கம்பளமும் விரித்தனர். கார் முன்னைவிட அழகாகத் தோன்றியது. ஆசிரியர் மனம் நிறைந்தார். பெரியவரைப் போல் கம்பளத்தைத் தூக்கி முகர்ந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. புதிய கம்பளத்தின் மணம் நன்றாகவே இருந்தது.

இரண்டாண்டுகள் சென்றன. ஜாக்கி உண்மையைச் சொன்னது.

கார் ஒரு லாரியின்மேல் ஏற்றப்பட்டு, கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கிள்ளானுக்குச் சென்றது. அங்கே பழங்கார்களின் உடலைச் செப்பனிடுவதில் பெயர் பெற்ற தமிழர் ஒருவரின் சிறு பட்டறை இருந்தது. ஆசிரியரைக் கண்டதும் பட்டறைக்காரர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்துவிட்டு வணங்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். "ஐயா, என்னை நினைவில்லையா? நான் உங்களிடம் ஐந்தாம் வகுப்பில் படித்தவன்," என்றார். ஆசிரியர் உற்றுப் பார்த்தார். கடைசி வரிசையில், சன்னலோரம் அமைதியாக அமர்ந்திருந்த சிறுவன் ஒருவன் மெல்ல நினைவுக்கு வந்தான்.

காரை உயர்த்தி நிறுத்தினர். பட்டறைக்காரர் சிறிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, மட்கார்டின் கீழ்ப்பகுதியில் வைத்தார். ஓரிடத்தில் ஒட்டியது, அடுத்த இடத்தில் நழுவி விழுந்தது. "இங்கே தகடு இல்லை ஐயா, பட்டி அடைத்து வண்ணம் பூசியிருக்கிறார்கள்," என்றார். பின்னர் அடியில் இருந்த தார்ப்பூச்சைத் திருப்புளியால் நெம்பினார். அது எருமைத்தோலைப் போல் ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. அதன் உட்புறம் முழுவதும் துரு. தகட்டைக் காப்பதற்காகப் பூசிய தார், ஈரத்தையும் துருவையும் உள்ளே வைத்து மூடிக் காத்திருந்தது. ஆறாத புண்ணின்மேல் புனுகு பூசுவது என்பது இதுவே.

கதவடிப் பெட்டிச் சட்டத்தைச் சிறிது அறுத்துத் திறந்தார். உள்ளிருந்து காய்ந்தும் காயாமலும் இருந்த சேறு கட்டி கட்டியாக விழுந்தது. ஸ்ரீ மூடாவின் வெள்ளம் இரண்டாண்டுகளாக அங்கேயே தங்கியிருந்தது.

"இந்தச் சட்டத்தின் அடியில் நீர் வடிவதற்கு என்றே துளைகள் உண்டு ஐயா. காரைச் செய்தவர்கள் நீர் உள்ளே வராது என்று நம்பவில்லை. வரும், வந்தால் வெளியேற வழி வேண்டும் என்றுதான் எண்ணினார்கள். வெள்ளம் வடிந்தவுடனே, சேறு காயுமுன், குழாயை உள்ளே விட்டு நல்ல நீரால் அலசியிருந்தால் இவ்வளவு வந்திராது. சேறு துளைகளை அடைத்தது. அதன்மேல் தாரும் அடைத்தது. அதன் பிறகு கதவுக்கண்ணாடி வழியே இறங்கிய மழைநீரும் வெளியேற வழியில்லை," என்றார்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்பக்கப் பட்டைவில்லின் முனை தாங்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே சென்றது.

"இதன்மேல் பின்னிருக்கையில் யார் உட்காருவார்கள்?"

"என் பேத்தி," என்றார் ஆசிரியர்.

பட்டறைக்காரர் ஒன்றும் சொல்லாமல் விரலைத் துடைத்துக்கொண்டார். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியிருந்தால், வில் தன் பிடியிலிருந்து கழன்று, வண்டி சாலையில் திசைமாறியிருக்கக்கூடும். மைனரின் தடைவிசைக்குரிய முதன்மை உருளை ஓட்டுநர் காலடியில், தரைக்குக் கீழேயுள்ள சட்டத்தினுள் பொருத்தப்பட்டிருப்பது. அதிலிருந்து செல்லும் எஃகுக் குழாய்களும் புறத்தே அரிக்கப்பட்டிருந்தன. தடைநெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே ஈராண்டுக்கு ஒரு முறை அதை மாற்றாவிடின் குழாய்கள் உட்புறமிருந்தும் அரிக்கப்படும்.

ஆசிரியர் அங்கிருந்த மரப்பெட்டியின்மேல் அமர்ந்தார். சனிக்கிழமை சனிக்கிழமையாக எத்தனை முறை அந்தச் சிறுமியை அந்த இருக்கையில் அமர்த்தி அழைத்துச் சென்றோம் என்று எண்ணிப் பார்த்தார். எண்ண முடியவில்லை.

பழுது பார்க்கும் பணி ஏழு மாதங்கள் நீடித்தது. ஆசிரியர் வாரம் ஒரு முறை இரயிலில் கிள்ளானுக்குச் சென்றார். 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி அமைக்கப்பட்ட பழைய தடத்தை ஒட்டியே அப்பயணம் அமைந்தது. கிள்ளான் ஆற்றின்மேல் 1961இல் திறக்கப்பட்ட இரட்டையடுக்குப் பாலத்தை அவர் ஒரு நாள் நின்று பார்த்தார். அதன் இரும்பு வெளியே தெரிவது. பார்க்கலாம், சுரண்டலாம், வண்ணம் பூசலாம். காரின் இரும்பு அப்படியன்று. காண முடியாத இரும்பைக் காப்பது எவ்வாறு என்பதை அவர் பட்டறையில் அமர்ந்து, மாணவரைப் போல் கேட்டு அறிந்தார்.

முதற்பாடம், அழிந்த தகட்டை வெட்டி எடுத்து நல்ல தகட்டைப் பற்றவைக்க வேண்டும். துருவின்மேல் ஒட்டுப் போடுதல் கூடாது. இரண்டாவது, துப்புரவான தகட்டின்மேல் துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு பூச வேண்டும். இவ்விடத்தில் பட்டறைக்காரர் ஒரு விளக்கம் தந்தார். கிள்ளான் பள்ளத்தாக்கை வளர்த்தது ஈயச் சுரங்கம். வெள்ளீயம் பூசிய தகடே பால் டப்பாவாகவும் எண்ணெய் டின்னாகவும் வந்தது. ஆனால் வெள்ளீயப் பூச்சில் ஒரு கீறல் விழுந்துவிட்டால், கீறலிலுள்ள இரும்பு முன்னிலும் விரைவாக அரிக்கப்படும். வெள்ளீயம் தன்னைக் காத்துக்கொண்டு இரும்பை விட்டுவிடும். துத்தநாகமோ கீறல் விழுந்தாலும் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். கூரைத் தகடுகளுக்குத் துத்தநாகம் பூசுவது அதனாலேயே.

மூன்றாவது, பெட்டிச் சட்டங்களின் உள்ளே மெழுகெண்ணெயை நீண்ட குழல் வழியே தெளிக்க வேண்டும். அது இடுக்குகளில் ஊர்ந்து சென்று படலமாகப் படியும். தாரைப் போல் இறுகி வெடிக்காது. தெளித்த பின் வடிகால் துளைகளை மீண்டும் திறந்துவிட மறக்கக் கூடாது. நான்காவது, மாதம் ஒரு முறை அத்துளைகளில் தென்னை ஈர்க்கை நுழைத்துப் பார்க்க வேண்டும். இரும்புக் கம்பி வண்ணத்தைக் கீறும், ஈர்க்கு கீறாது.

ஐந்தாவது, நீர் எவ்வழியே வருகிறது என்று அறிய வேண்டும். கதவுகளையும் கண்ணாடிகளையும் சுற்றியுள்ள ரப்பர் பட்டைகள் வெயிலில் இறுகி வெடிக்கும். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்தால், தாள் தடையின்றி வந்துவிடும் இடத்தில் நீரும் தடையின்றி வரும். உட்புறம் முகப்பவுடரைத் தூவி, வெளியிலிருந்து ஒருவர் நீரைப் பாய்ச்சினால், பவுடரில் விழும் கோடு நீரின் வழியைக் காட்டும். ஒரு காலத்தில் இந்நாட்டுத் தோட்டங்களில் தமிழர் விடியலில் எழுந்து வெட்டி எடுத்த பால் உலகின் கார்களுக்குச் சக்கரமும் பட்டையும் ஆயிற்று. அந்தப் பட்டை ஒரு முழம் வெடித்தால் கார் முழுவதும் அழிகிறது.

ஆறாவது, காரை நெகிழித்தாளால் இறுக மூடி வைத்தல் ஆகாது. இரவில் தரையிலிருந்து எழும் ஈரம் வெளியேற முடியாமல் உள்ளேயே பனித்துளியாகும். கூரையும் காற்றோட்டமும் உள்ள இடமே நல்லது. மூட வேண்டுமாயின் காற்றுப் புகும் துணி வேண்டும். ஏழாவது, காரை நிறுத்தியே வைத்தலும் கேடு. கடைத்தெருவரை ஓட்டி நிறுத்துதலும் கேடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. இயந்திரமும் புகைக்குழாயும் நன்கு சூடேறும்வரை ஓடினால்தான் அந்த நீர் வெளியேறும். இல்லையேல் குழாய்க்குள் தங்கி உள்ளிருந்து அரிக்கும். வெப்பம் தணிக்கும் கலத்திலும் வெறும் குழாய்நீரை ஊற்றாமல், துருத்தடுப்பு மருந்து கலந்த நீரை ஊற்ற வேண்டும். இங்கே நீர் உறைவதில்லை என்று பலர் அதைப் புறக்கணிக்கின்றனர். வார்ப்பிரும்பு இயந்திரம் அதற்குரிய விலையைக் கொடுக்கிறது.

இவற்றை ஆசிரியர் ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், தம் எழுத்து சரிதானா என்று பார்க்குமாறு அதைப் பட்டறைக்காரரிடம் நீட்டினார். பட்டறைக்காரர் அதை வாங்கி, சிறிது நேரம் பார்த்து, திருப்பித் தந்தார்.

"அழகாக எழுதியிருக்கிறீர்கள் ஐயா."

"சரியாக இருக்கிறதா?"

அவர் சிரித்தார். "நீங்களே படித்துக் காட்டுங்கள் ஐயா. எனக்கு அவ்வளவு விரைவாகப் படிக்க வராது."

ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். பட்டறைக்காரர் பற்றவைத்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே பேசினார். குரலில் குறையேதும் இல்லை. "அப்போதும் வராது. கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து அப்படியே வரைந்துவிடுவேன். கை நன்றாக வரையும். நீங்கள் என் குறிப்பேட்டைத் தூக்கிக் காட்டி, 'கையெழுத்து என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று வகுப்புக்குச் சொன்னீர்கள். அதை வீட்டில் என் அம்மா அரிசிப்பானைக்குமேல் வைத்திருந்தார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பு, புகுமுக வகுப்பு என்று தள்ளிவிட்டுக்கொண்டே போனார்கள். பதினான்கு வயதில் பட்டறைக்கு வந்துவிட்டேன். இங்கே எழுத்து தேவைப்படவில்லை. பிறகு என் மகள்தான் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தாள்."

அந்த வகுப்பில் நாற்பது மாணவர்கள் இருந்தனர். ஆசிரியர் ஒவ்வொரு குறிப்பேட்டிலும் சிவப்பு மையால் 'நன்று' என்று எழுதினார். அந்தச் சிறுவனைத் தனியே அழைத்து, நூலில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, படி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். தட்டிப் பார்க்கும் ஒலி போன்றதே அது.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பட்டறைக்காரர் முந்திக்கொண்டார். "நீங்கள் அடித்ததில்லை ஐயா. மற்றவர்கள் அடித்தார்கள். அதனால் உங்கள் வகுப்பு எனக்குப் பிடிக்கும்."

அந்தச் சொல்லில் ஆறுதலும் இருந்தது. ஆறுதலாகாத ஒன்றும் இருந்தது. ஆசிரியர் குறிப்பேட்டைத் திறந்து, தாம் எழுதிய ஏழு குறிப்புகளையும் உரக்கப் படித்தார். இரண்டு இடங்களில் பட்டறைக்காரர் திருத்தம் சொன்னார். ஆசிரியர் திருத்திக்கொண்டார்.

கார் திரும்பி வந்தபோது முன்போல் பளபளக்கவில்லை. புதிய தகடு வைத்த இடங்களில் வண்ணம் சற்றே வேறுபட்டது. அதை ஒன்றாக்கித் தரவா என்று கேட்டபோது, வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். எங்கே புதிய தகடு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவது நல்லது என்பது அவர் எண்ணம். கம்பளத்தையும் அவர் ஒட்டவில்லை. தூக்கிப் பார்க்கும்படி வெறுமனே விரித்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. காலையில், பேத்தி தென்னை ஈர்க்கை எடுத்துக்கொண்டு காரின் அடியில் குனிகிறாள். எட்டுத் துளைகளையும் எண்ணி, ஒவ்வொன்றிலும் ஈர்க்கு தடையின்றி நுழைகிறதா என்று பார்த்துச் சொல்கிறாள். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் கம்பளத்தைத் தூக்கி முகர்ந்தும் பார்க்கிறாள். பின்னர் அந்தக் காரிலேயே வகுப்புக்குச் செல்கிறாள்.

பிற்பகலில் ஆசிரியர் கிள்ளானுக்குச் செல்கிறார். பட்டறை மூடிய பிறகு, மசகெண்ணெய் மணக்கும் மேசையின்மேல் ஒரு நாளிதழ் விரிக்கப்படுகிறது. ஐம்பது வயது மாணவர் விரலை வரியின்கீழ் வைத்து, எழுத்துக்கூட்டி, மெல்லப் படிக்கிறார். தடுக்கும் இடத்தில் நிற்கிறார். ஆசிரியர் அவசரப்படுவதில்லை, அந்த இடத்திலேயே காத்திருக்கிறார். அவர் இப்போது யாருடைய ஏட்டிலும் 'நன்று' என்று எழுதுவதில்லை. "அடுத்த வரியையும் படியுங்கள், கேட்கிறேன்" என்று மட்டும் சொல்கிறார்.